எத்தனை சுற்று, மாமா?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். வலது உள்ளங்கையில் லேசாகத் தோல் உரிந்திருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

பேரிங் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக என் லேத் பட்டறையில் டீ கிளாஸுக்கு அடியில் கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம், நான் ஒரு கருவி கண்டுபிடிக்கப் போகிறேன். கண்டுபிடிப்பவர்கள் தேதி போட்டுக் குறித்து வைப்பார்களாம். பின்னால் எவனாவது அது தன் யோசனை என்று கிளம்பினால் எடுத்துக் காட்டலாம்.

நடந்தது இதுதான். என் மனைவி சாந்தாமணியின் தம்பி குழந்தைவேல் மரம் வெட்டும் காண்ட்ராக்டர். எங்கள் வீட்டுக்குப் பின்வீடு மனோன்மணி டீச்சருடையது. அவர் வீட்டுத் தூங்குமூஞ்சி மரம் உள்ளே பொத்தலாகிவிட்டது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் எடுத்தாக வேண்டும். தாலுகா ஆபீஸில் அனுமதியும் வாங்கியாயிற்று. மரம் டீச்சரின் ஓட்டு வீட்டுக்கு மேலே குடை பிடித்த மாதிரி சாய்ந்து நிற்பதால் அடியோடு சாய்க்க முடியாது. ஏறி, ஒவ்வொரு கிளையாகக் கயிற்றில் கட்டி, வெட்டி இறக்க வேண்டும். கிளையில் கட்டிய கயிறு உச்சியில் உள்ள கப்பி வழியாகக் கீழே வரும். கீழே ஒருவர் அதைப் பக்கத்து வேம்பில் மூன்று நாலு சுற்றுச் சுற்றிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். வழக்கமாகப் பிடிக்கும் ஆறுச்சாமி இன்று ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். அதனால் நான் பிடித்தேன்.

கயிறு நழுவிவிட்டது.

கிளை டீச்சரின் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. போகிற போக்கில் மரத்தில் ஒரு மோது மோதியதில் மேலே இருந்த மாப்பிள்ளை குழந்தைவேல் பெல்ட்டில் தொங்கி ஊசலாடினார். முழங்காலில் அடி. நான் பத்திரமாக இருக்கிறேன்.

சாந்தாமணி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

சாந்தாமணி பேச ஆரம்பித்துவிட்டாள். ஆனால் என்னிடம் இல்லை. குக்கரிடம். "காப்பி ஆறுது. வேணுங்கறவங்க வந்து எடுத்துக்கட்டும்" என்று குக்கரைப் பார்த்துச் சொன்னாள்.

நான் யோசித்துப் பார்த்ததில் குற்றம் என் கையில் இல்லை. ஒரு டன் கனத்தை ஒரு மனிதக் கையை நம்பிக் கட்டித் தொங்கவிடும் முறையில்தான் இருக்கிறது. மரத்தின் பட்டையில் கயிறு சுற்றினால் ஓரிடத்தில் பிடிக்கும், ஓரிடத்தில் வழுக்கும். அதற்குப் பதிலாக, மரத்தின் அடியில் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிய ஒரு இரும்பு உருளை. கயிறு அதில் சுற்றும். பாரத்தை உருளை வாங்கிக்கொள்ளும். பிடிப்பவர் ஒரு கையால் காதைச் சொறிந்துகொண்டே இன்னொரு கையால் இறக்கலாம்.

ஆறுச்சாமி விஷயம் கேள்விப்பட்டு, "நான் பனியன் கம்பெனிக்கே போறனுங்க" என்று திருப்பூர் பஸ் ஏறிவிட்டாராம். மனிதர்களுக்குத் துணிச்சல் குறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலை 6.40க்கு மனோன்மணி டீச்சரை என் மொபெட்டில் மார்க்கெட் கொண்டுபோய் விட்டேன். ஸ்கூட்டர் சரியாகும் வரை தினமும் விடுவதாகச் சொல்லியிருக்கிறேன். எப்படியும் நான் போகிற வழிதான். (பட்டறை வீட்டு முன்பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் கணக்கில் எல்லா வழியும் நான் போகிற வழிதான்.)

ஆகஸ்ட் 22, வியாழன்

முதல் கட்டம் முடிந்தது. பித்தளையில் பெயர்த்தகடு செய்துவிட்டேன். 'சென்னி பிடி. கண்டுபிடிப்பு: டர்னர் செ. சென்னியப்பன், கணபதி, கோயமுத்தூர்.' எழுத்து ஒவ்வொன்றும் அளவெடுத்து வெட்டியது.

சாந்தாமணி டீ கொண்டுவந்தாள். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான்கு நாளில் முதல்முறையாக என்னிடமே பேசினாள்.

"தகடு ஆச்சு. மிசினு எங்கீங்க?"

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மாப்பிள்ளையைப் பார்க்கப் போனோம். முழங்கால் இன்னும் வீங்கியிருக்கிறது. காலைத் தலையணை மேல் வைத்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நிற்கப் பார்த்தார். அக்கா வீட்டுக்காரர் வந்தால் படுத்திருக்கக் கூடாதாம். தங்கமான பிள்ளை. என்னைவிடப் பத்து வயது இளையவர். இதுவரை என் பேச்சுக்கு ஒரு மறுபேச்சுப் பேசியதில்லை.

"மூணு சுத்துப் போட்டும் வழுக்கிருச்சே மாப்ள, அதான் எனக்குப் புரியல" என்றேன்.

அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாங் மாமா. நீங்க மூணுன்னு சத்தம் போட்டுச் சொன்னீங்களே" என்றார்.

திரும்பி வரும்போது சாந்தாமணி பின்னால் உட்கார்ந்து மொபெட்டிடம்தான் பேசினாள். மொபெட்டுக்குக் குக்கரை விடக் காது கூர்மை என்று நினைத்திருப்பாள்.

செப்டம்பர் 2, திங்கள்

கை ஆறிவிட்டது. ஆறு அங்குலக் குழாயை லேத்தில் ஏற்றினேன். கயிறு விலகி ஓடாமல் இருக்க இரு பக்கமும் கொம்பு வைத்தாயிற்று. பிறகு பாலிஷ். காலையில் தொடங்கி மதியம் வரை பாலிஷ். அதில் முகம் பார்த்துத் தலை சீவினேன். முப்பது வருடத் தொழில், சும்மாவா?

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர் என்ற முறையில் டீச்சருக்கு ஒரு சிவப்புப் பேனா வாங்கிக் கொடுத்தேன். அது தப்பாகப் போய்விட்டது. கையோடு கையாக, "அன்னைக்கு விழுந்த கிளை எத்தனை கனம்னு எப்படிக் கணக்குப் பண்ணின? காட்டு" என்றார்.

காட்டினேன். நீளம், சுற்றளவு, எல்லாம் போட்டு நூற்று எண்பது கிலோ. சுத்தமான கணக்கு.

டீச்சர் பேனா மூடியைத் திறந்தார். "சென்னி, இது காஞ்ச மரத்துக் கணக்குடா. பச்சை மரத்துக்குள்ள தண்ணி இருக்காதா?" என்று ஒரு சிவப்புக் கோடு. முந்நூற்று அறுபது கிலோ என்று எழுதினார். நாற்பது வருடம் கழித்தும் அந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்குக் காது சூடாகிறது.

அதோடு விடவில்லை. ஒரு சுற்றுக்குக் கயிறு மூன்றரை மடங்கு பிடிக்கும் என்று நான் சொன்னதை வைத்துப் பெருக்க ஆரம்பித்துவிட்டார். "ஒரு சுத்துன்னா கையில நூறு கிலோவுக்கு மேல இழுக்கும். ரெண்டு சுத்துன்னா முப்பது. மூணு சுத்துன்னா எட்டு கிலோ, எட்டரை கிலோ." பேனாவைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீ எத்தனை போட்ட?"

"மூணுங்க டீச்சர்."

"எட்டு கிலோ உன் கையில நிக்கலயாடா?"

அந்த நேரத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. வந்த மாதிரி இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

மூன்று சுற்றுத்தான். அப்படித்தான் ஞாபகம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வெள்ளோட்டம். பட்டறை உத்தரத்தில் கப்பி மாட்டி, ஒரு இரும்புக் கூடையில் பழைய லேத் சக்குகளும் வார்ப்புத் துண்டுகளும் போட்டு முந்நூறு கிலோ சேர்த்தேன். இரும்புத் தூணில் உருளையைக் கட்டினேன். டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

சாந்தாமணி தன் வெட் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கூடையின் மேல் வைத்தாள்.

"இது எதுக்கு சாந்தா?"

"உங்க மிசினு மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்குதல்லோ? என்ற தம்பி தொங்கறதுக்கு முன்னால என்ற கிரைண்டரு தொங்கட்டும்."

அவள் பேச்சு எனக்கு வருத்தமாக இருந்தாலும் நியாயமாகவும் இருந்தது. கூடையைச் செயின் பிளாக்கின் சங்கிலியை இழுத்து உத்தரம் வரை ஏற்றி, பாரத்தைக் கயிற்றுக்கு மாற்றினேன். உருளையில் ரெண்டு சுற்றுப் போட்டேன். இத்தனை பாலிஷுக்கு ரெண்டே அதிகம் என்று பட்டது.

கிரைண்டருக்குச் சிறிது சேதம். கல் தப்பித்தது.

செப்டம்பர் 9, திங்கள்

காலை உப்புமா.

செப்டம்பர் 10, செவ்வாய்

உப்புமா. இரவும் அதே. மாவு அரைக்க வழியில்லையாம். கடையில் பாக்கெட் மாவு விற்கிறதே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அங்கேயே இறக்கி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

உப்புமா பரிமாறும்போது சாந்தாமணி சொன்னாள்: "அம்மிக்கல்லு வழுவழுன்னு ஆயிப்போச்சுன்னா மொளகா அரையாதுங்க. கொத்தி உடோணும். நீங்க என்னடான்னா தலை சீவற மாதிரி கண்ணாடி பண்ணி வெச்சிருக்கறீங்க."

பெண்களுக்கு இயந்திர நுட்பம் தெரியாது. சிரித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

இன்று காலை பல் விளக்கும்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. உருளையின் பளபளப்பைப் போக்கி, குறுக்கும் நெடுக்கும் கோடு கீறிச் சொரசொரப்பாக்கினால் என்ன? உடனே தேதியிட்டுக் குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 16, திங்கள்

சொரசொரப்பு உருளை பாரத்தை அற்புதமாகப் பிடித்தது. நாலு முறை இறக்கினேன். நாலாவது முறை கயிற்றைப் பார்த்தால் ஒரு பக்கம் கயிறாகவும் ஒரு பக்கம் துடைப்பமாகவும் இருந்தது.

சாந்தாமணி அந்தத் துண்டை எடுத்து ஜன்னலோரம் வைத்துக்கொண்டாள். ஒட்டடை அடிக்க ஆகுமாம். "நான் கொத்தச் சொன்னது அம்மிக்கல்லை. கயித்தை அரைக்கச் சொல்லலீங்க" என்றாள்.

உப்புமா.

செப்டம்பர் 22, ஞாயிறு

உருளையை மறுபடி லேத்தில் ஏற்றி, கீறலை எடுத்துச் சாதாரணமாகக் கடைந்து விட்டேன். பாலிஷும் இல்லை, கீறலும் இல்லை. சட்டியின் அடிப்பக்கம் மாதிரி மொழுமொழுவென்று ஒரு மங்கல். அழகே இல்லை. எந்த டர்னருக்கும் காட்ட வெட்கமாக இருக்கும்.

முந்நூறு கிலோ, மூன்று சுற்று. கூடை எறும்பு ஊர்கிற மாதிரி இறங்கியது. நிறுத்தினால் நின்றது. மேலே, நான் சரிசெய்து கொடுத்த கிரைண்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை நொண்டி நொண்டி வந்திருந்தார். அவரே கயிற்றைப் பிடித்து ரெண்டு முறை விட்டுப் பார்த்தார்.

"நல்லாருக்குதுங் மாமா. ஒண்ணே ஒண்ணு. கிளை அறுந்து வுழுகறப்ப பட்டுன்னு நிறுத்தக் கூடாதுங்க. அந்த உலுக்கு மேல இருக்கறவன வாங்கிரும். சித்தே ஓட உட்டு, அப்பறம் புடிக்கோணும்."

நல்ல பிள்ளை. இதைச் சொல்லிவிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க மாமா" என்று மூன்று முறை சொன்னார்.

கிரைண்டர் ஓடுகிறதே, நாளை இட்லியா என்று கேட்டேன். சாந்தாமணி கிரைண்டரைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "என்ற தம்பி மரத்தை உட்டு ரெண்டு காலோட கீழ எறங்கட்டும். அன்னைக்கு ஊத்தறேன்."

செப்டம்பர் 29, ஞாயிறு

மாப்பிள்ளை நொண்டாமல் நடக்கிறார். ஆயுத பூசைக்கு மறுநாள், விஜயதசமியன்று மரம் ஏறுகிறார். நான் கயிறு பிடிக்கிறேன். வேறு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன். "உங்க மிசினுங் மாமா. நீங்க புடிச்சாத்தான் மரியாதை" என்று சொல்லிவிட்டார்.

அவர் போன பிறகு சாந்தாமணி கேட்டாள். "அன்னைக்கு மூணு சுத்துத்தான போட்டீங்க?"

"ஆமா."

"என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். அவளுக்கு ஒரே தம்பி.

*(இங்கே நான்கு வரி எழுதி அடித்திருக்கிறேன். பேனா சரியில்லை.)*

அக்டோபர் 5, சனி

மாலையில் நல்ல மழை. காற்றில் மரம் முறுக் முறுக்கென்று சத்தம் போடுவது பட்டறை வரை கேட்டது. டீச்சரை எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். "முப்பத்தெட்டு வருசமா எட்டாங்கிளாஸுக்கே பயப்படாதவ. மரத்துக்கா பயப்படப் போறேன்?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஓட்டுக்கு நேர்மேலே இருக்கும் அந்தப் பெரிய கிளை மட்டும், டீச்சரின் இன்றைய கணக்குப்படி, எண்ணூறு கிலோ.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. முப்பது வருடமாகச் செய்வது போலவே விடியற்காலை தொடங்கி, பட்டறையில் ஒவ்வொன்றையும் என் கையாலேயே துடைத்தேன். ரெண்டு லேத், டிரில்லிங் மிஷின், வைஸ், ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் எண்ணெய் போட்டுப் பளிச்சென்று ஆக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்தோம். சென்னி பிடிக்குத் தனி மாலை. மனம் நிறைவாக இருந்தது. பித்தளைத் தகட்டையும் திருகி மாட்டிவிட்டேன்.

நாளைக்கு எல்லாம் நல்லபடி நடக்க வேண்டும்.

அக்டோபர் 12, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்று பேனா நன்றாகத்தான் இருக்கிறது.

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை ஏறினார். சென்னி பிடியை மாலையும் கழுத்துமாக வேம்பின் அடியில் பெல்ட் போட்டுக் கட்டினேன். டீச்சர் சுவரோரம் நாற்காலியில். சாந்தாமணி எனக்குப் பின்னால் நின்றாள். நிற்கும் சத்தமே எனக்குக் கேட்டது.

முதலில் ஒரு சின்னக் கிளை. நாற்பது கிலோ இருக்கும். மூன்று சுற்றுப் போட்டிருந்தேன். அது மெதுவாக வர வேண்டும், நான் கயிற்றைத் தள்ளித்தான் விட வேண்டும். ஆனால் சர்ரென்று வந்தது. சின்னக் கிளை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் உள்ளங்கை பழைய இடத்தில் சுட்டது.

உருளையைத் தொட்டுப் பார்த்தேன். விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன். விளக்கெண்ணெய்.

நான்தான். என் கையாலேதான். லேத்துக்குப் போட்ட அதே துணியால், அதே பக்தியோடு, கயிற்றைப் பிடிப்பதற்கென்றே பிறந்த அந்த ஒரே ஒரு இரும்புக்கும் எண்ணெய் பூசி, அதற்கு மேல் சந்தனப் பொட்டும் வைத்திருக்கிறேன்.

அதற்குள் மாப்பிள்ளை பெரிய கிளைக்குப் போய்க் கயிறு கட்டிவிட்டார். கீழே டீச்சரின் ஓடு. ரம்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எப்போதும் போல மரியாதையாகக் குரல் கொடுத்தார்.

"மாமா, எத்தனை சுத்துங்க?"

மூன்று இருந்தது. மூன்று என்று சொன்னால் அது பொய்யில்லை. மூன்று என்று சொல்லிவிட்டு, சத்தம் போடாமல் இன்னும் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டால் ஒருவேளை பிடித்திருக்கும். ஒருவேளை. ஆகஸ்டில் இதே கேள்விக்கு இதே இடத்தில் நின்று நான் இந்த 'ஒருவேளை'யைத்தான் நம்பினேன். மாப்பிள்ளை மூன்று சுற்றுப் போடச் சொல்லியிருந்தார். நூற்று எண்பது கிலோவுக்கு எதற்கு மூன்று, கயிறு நகராது என்று நான் ஒன்று போட்டேன். கேட்டபோது மூன்று என்றேன். அவ்வளவுதான் நடந்தது. இதை எழுத எனக்கு ஐம்பத்தைந்து நாள் ஆகியிருக்கிறது.

"மாப்ள, வெட்டாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "உருளைக்கு எண்ணெய் பூசிட்டேன்! பூசைக்கு! ரம்பத்த இடுப்புல மாட்டிக்குங்க!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்தினால் மறுபடி வராது என்று தோன்றியது.

"அன்னைக்கும் மூணு போடல மாப்ள! ஒண்ணுதான் போட்டேன்! பொய் சொல்லிட்டேன்!"

மேலே ரம்பத்தை இடுப்பில் மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "தெரியுமுங் மாமா" என்று வந்தது.

"என்னது?"

"மேல இருந்து பாத்தா தெளிவாத் தெரியுமுங்க. ஒண்ணுதான் இருந்துச்சு."

"தெரிஞ்சுமா வெட்டுனீங்க?"

"நீங்க மூணுன்னு சொல்லிட்டீங்களே மாமா. அக்கா வூட்டுக்காரர்கிட்ட இல்ல, ஒண்ணுதான்னு எப்பிடிங் சொல்றது?"

வேம்பின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் பொய்கூடப் பரவாயில்லை. எனக்கு மரியாதை குறைந்துவிடக் கூடாது என்று ஒரு மனிதர் முப்பதடி உயரத்தில் கண்ணால் பார்த்ததை விழுங்கிவிட்டு ரம்பத்தைப் போட்டிருக்கிறார். அழுதேன். டீச்சர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

சாந்தாமணி முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து தம்பியைப் பார்த்தாள்.

"ஏண்டா கூறுகெட்டவனே! மரியாதையக் கட்டிக்கிட்டா மரத்துல தொங்குவ? அக்கா வூட்டுக்காரரு சொன்னா நெருப்பு சுடாதா? இவரு சரியில்ல, நீ இவருக்கு மேல இருக்கற!" பிறகு என் பக்கம் திரும்பினாள். "அழுகறத அப்பறம் வெச்சுக்கலாம். மொதல்ல அந்த எண்ணெய எடுக்கோணும். எந்திரீங்க."

டீச்சர் உள்ளே போய் ஒரு டப்பா சீயக்காயும் ஒரு வாளி வெந்நீரும் கொண்டுவந்தார். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே சென்னி பிடிக்கு எண்ணெய் தேய்த்துக் குளியல் முடிந்தது. மாலையைக் கழற்றி, பொட்டை அழித்து, சாந்தாமணி மூன்று முறை தேய்த்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். பிறகு அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் படும்படி அரை மணி நேரம் விட்டோம். எண்ணெய் பட்ட கயிற்றை ஒதுக்கிவிட்டுப் புதுக் கயிறு போட்டோம். மாப்பிள்ளை அதுவரை கிளையில் உட்கார்ந்து, டீச்சர் வாளியில் வைத்து ஏற்றிவிட்ட பொரி கடலை தின்றுகொண்டிருந்தார்.

மறுபடி ஒரு சின்னக் கிளை. தள்ளினால்தான் நகர்ந்தது.

பிறகு பெரியது. "மாப்ள, நான் சொல்ல மாட்டேன். நீங்க எண்ணுங்க" என்றேன்.

நான் சுற்றச் சுற்ற அவர் மேலிருந்து எண்ணினார். முதலில் கூச்சமாகத்தான், "ஒண்ணுங்..." என்று ஆரம்பித்தார். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "சத்தமா!" என்றார். "ரெண்டு! மூணு! நாலு!" டீச்சரும் சேர்ந்து எண்ணினார். சாந்தாமணியும் எண்ணினாள். வாய்ப்பாடு ஒப்பிக்கும் வகுப்பு மாதிரி ஆகிவிட்டது.

ரம்பம் ஓடியது. கிளை முறிந்து விழுந்தது. நான் சித்தே ஓட விட்டேன். பிறகு பிடித்தேன். வேம்பு ஒரு முறை சிலிர்த்தது. எண்ணூறு கிலோ, டீச்சரின் ஓட்டுக்கு ரெண்டடி மேலே நின்றது. மாப்பிள்ளை ஏற்கெனவே கட்டி வைத்திருந்த இன்னொரு கயிற்றை சாந்தாமணியும் டீச்சரும் இழுத்து அதை வீட்டை விட்டு விலக்கினார்கள். ஒரு கையால் விட்டேன். இன்னொரு கை காதைச் சொறிய அல்ல, கண்ணைத் துடைக்கத் தேவைப்பட்டது. கிளை தரையில் உட்கார்ந்தபோது சத்தமே இல்லை. ஓட்டு மேல் நாலு இலை விழுந்திருந்தது.

மாப்பிள்ளை ரெண்டு காலோடு இறங்கினார். சாந்தாமணி அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, அதே கையால் அவர் தலையில் இருந்த மரத்தூளைத் தட்டினாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

இட்லி. பதினொன்று சாப்பிட்டேன். மாப்பிள்ளை பன்னிரண்டு. சாந்தாமணி இன்னமும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் சட்னி ரெண்டு வகை இருந்தது.

பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "ஒண்ணு போட்டதுக்குக்கூடக் கோவமில்ல. என்ற மூஞ்சியப் பாத்து ஆமான்னீங்க பாருங்க, அதுக்குத்தான்" என்றாள். அது ஆற நாளாகும். ஆறும்வரை பொறுத்திருப்பேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். செப்டம்பர் 13ஆம் தேதி பல் விளக்கும்போது எனக்கு எந்த யோசனையும் தோன்றவில்லை. அது 12ஆம் தேதி உப்புமாவின்போது சாந்தாமணி சொன்னது. டைரியைக் காட்டித் தன் யோசனை என்று சொல்ல வேண்டியவர் யாராவது இருந்தால் அது அவள்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

பித்தளைத் தகட்டைக் கழற்றித் திருப்பினேன். பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. எழுத்து அச்சை வைத்து ஒவ்வொன்றாக அடித்தேன்:

'எண்ணெய் படக் கூடாது. பூசைக்கும். சுற்றை மேலே இருப்பவர் எண்ண வேண்டும். குறைந்தால் சொல்ல வேண்டும். கீழே நிற்பவர் யாராக இருந்தாலும்.'

அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிவிட்டேன். என் பெயர் உள்ளே இரும்பைப் பார்த்தபடி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மாலை டீச்சரின் ஸ்கூட்டர் தயாராகி வந்தது. நாளை காலை 6.40க்கு நான் எங்கே போவது என்று தெரியவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

சரவணம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். சமையல் கூடத்தின் மேல் சாய்ந்த புளியமரம். மாப்பிள்ளை மேலே, நான் கீழே. கயிற்றைச் சுற்றிவிட்டுக் காத்திருந்தேன். மேலே மாப்பிள்ளை குனிந்து பார்த்து விரல் விட்டு எண்ணினார். தொண்டையைச் செருமுவது மட்டும் கேட்டது. பிறகு ஒரு வழியாக வந்தது.

"மாமா... தப்பா நெனச்சுக்காதீங்க. ரெண்டுதானுங்க தெரியுது. இன்னொண்ணு போடுங்க."

குனிந்து பார்த்தேன். மூன்று இருந்தது. ஒன்று உருளையின் கொம்புக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"சரிங்க மாப்ள" என்று சொல்லி, இன்னொன்று போட்டேன்.